கண்டறிந்த பின் கற்றது

பௌதிக சாஸ்திரத்தில் பெயர் பெற்றவர்களைப் பற்றி நம்மிடையே எழுதப்படும் சரித்திரங்கள் பெரும்பாலும் ஒரே தடத்தில் செல்கின்றன. பால்யத்திலேயே வெளிப்பட்ட கணிதத் திறமை, ஆசிரியர்களைத் திகைக்க வைத்த கூரிய புத்தி, கடல் கடந்த பயணம், கண்டுபிடிப்பு, பரிசு என்று அவை வேகமாக முடிந்துவிடும். பட்டம் பெற்ற ஓர் இளைஞர் கல்லூரியை விட்டு வெளியேறுவதற்கும், அவரையும் ஒரு பௌதிக விஞ்ஞானியென்று அத்துறையினர் ஏற்றுக்கொள்வதற்கும் இடையே கிடக்கும் நாலைந்து வருஷங்களில் அந்த மனிதருக்கு என்ன நேர்ந்தது, யாரிடம் எதைக் கேட்கத் தயங்கினார், எந்த இரவில் இதையெல்லாம் விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிவிடலாமென்று நினைத்தார் என்பவற்றுக்கு அந்தச் சரித்திரங்களில் இடம் இருப்பதில்லை.

தமிழர்களைப் பொறுத்தவரையில் இந்த இடைக்காலத்தை ஆராய்வதற்குக் கிடைக்கும் சான்றுகளில் தலையாயது, சுப்ரமண்யன் சந்திரசேகர் 1930 முதல் 1933 வரை கேம்பிரிட்ஜில் கழித்த மாணவப் பருவம் என்று சொல்லலாம். அவர் தம் தந்தையாருக்கு விடாது எழுதிவந்த கடிதங்கள் பாதுகாக்கப்பட்டன. அவற்றையும், முதிய வயதில் அவரோடு நடத்திய நீண்ட உரையாடல்களையும் ஆதாரமாகக் கொண்டு காமேஷ்வர் வாலி எழுதிய வாழ்க்கை வரலாறு 1991இல் வெளிவந்தது. வெற்றி பெற்றவர்களின் மனக்கிலேசம் இவ்வளவு விவரமாகப் பதிவானது அபூர்வம். அதைவிட முக்கியமான இன்னொரு காரணமும் உண்டு. சந்திரசேகரின் வாழ்வில் வழக்கமான வரிசை தலைகீழாக அமைந்துவிட்டது. இன்று உலகம் அவர் பெயரால் வழங்கும் வரம்பை அவர் கண்டது ஆராய்ச்சி மாணவராகச் சேர்வதற்கு முன்னர், பத்தொன்பதாம் வயதில், நடுக்கடலில். பெரிய கண்டுபிடிப்பைக் கையில் வைத்துக்கொண்டே கேம்பிரிட்ஜின் படியேறிய ஒருவருக்கு அதன் பின்பு வந்த மூன்றாண்டுப் பயிற்சி எதைத்தான் கற்றுக் கொடுத்திருக்க முடியும்? இந்தக் கேள்விக்கு விடை தேடினால், விஞ்ஞானியை உருவாக்குவது எது என்பதைப் பற்றி நாம் சுலபமாக ஏற்றுக்கொண்டிருக்கும் சில அபிப்பிராயங்களை மாற்றிக்கொள்ள நேரும்.

அவர் பிறந்தது லாகூரில், 1910ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் தேதி. தந்தை சி. சுப்ரமண்ய ஐயர் அரசாங்கத் தணிக்கைத் துறையில் உயர்ந்த உத்தியோகஸ்தர். சிறிய தகப்பனார் சி. வி. ராமன். தாயார் சீதாலக்ஷ்மி, இப்ஸனின் நாடகம் ஒன்றைத் தமிழில் பெயர்த்த அளவுக்கு வாசிப்பும் ரசனையும் உடையவர். 1918இல் குடும்பம் சென்னைக்கு வந்து சேர்ந்தது. மகன் ஐ.சி.எஸ். பரீட்சை எழுதி ஆட்சிப் பதவிக்குச் செல்லவேண்டுமென்பது தந்தையின் ஆசை. ராமானுஜனைப் போலக் கணிதம் பயில வேண்டுமென்பது மகனின் ஆசை. பிரஸிடென்ஸி கல்லூரியில் பௌதிக ஆனர்ஸ் வகுப்பில் சேர்ந்தது தந்தைக்கு அவர் இணங்கிய அளவு. அங்கே கணித வகுப்புகளிலும் போய் உட்கார்ந்துகொண்டது தமக்கென்று வைத்துக்கொண்ட மிச்சம். மனத்துக்குப் பிடித்ததையே செய் என்று அவருக்குத் துணை நின்றவர் தாயார்.

1928இல் ஜெர்மானியப் பேராசிரியர் ஸோமர்பெல்ட் சென்னைக்கு வந்திருந்தபோது, அவருடைய நூலைத் தாமே படித்துத் தேர்ந்திருந்த இம்மாணவர் துணிந்து அவர் தங்கியிருந்த விடுதிக்குச் சென்று கண்டார். நீ படித்த அணுக்கொள்கை பழசாகிவிட்டது, ஷ்ரோடிங்கரும் மற்றவர்களும் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள் என்னும் செய்தியை ஸோமர்பெல்ட் அன்று அவருக்குச் சொன்னார். இளைஞனின் முகம் வாடியிருக்க வேண்டும். உலோகங்களில் எலெக்ட்ரான்களின் நடத்தையைப் பற்றித் தாம் எழுதி இன்னும் பிரசுரமாகாதிருந்த கட்டுரையின் அச்சுப்படியையும் அவர் கொடுத்தனுப்பினார். அந்தப் படியைக் கொண்டு புதிய குவாண்டம் புள்ளியியலைத் தாமே கற்று, அதைப் பிரயோகித்து சந்திரசேகர் எழுதிய கட்டுரை, கேம்பிரிட்ஜிலிருந்த ஆர். எச். பௌலர் மூலம் 1929இல் ராயல் சொஸைட்டியின் வெளியீட்டில் வந்தது. ஒரு பெரியவர் ஒரு மாலையில் காட்டிய பெருந்தன்மை ஒரு வாழ்க்கையின் திசையைத் திருப்பியது என்பதில் மிகையில்லை. ஆனால் அப்பெருந்தன்மை வந்தடைவதற்கு, விடுதிக் கதவைத் தட்டும் தைரியமும் அந்தத் தைரியத்தை ஊட்டிய குடும்பமும் முதலில் இருந்தன என்பதையும் கவனத்தில் கொள்ள வேண்டும். இந்த விஷயத்தைப் பிறகு மீண்டும் எடுத்துக்கொள்கிறேன்.

1930இல் அரசாங்க உபகாரச் சம்பளம் கிடைத்தது. அப்போது தாயார் நோயுற்றுப் படுத்திருந்தார். மூத்த மகன் இந்த நிலையில் கடல் கடப்பதா என்று உறவினர் ஆக்ஷேபித்தனர். போகத்தான் வேண்டுமென்று வற்புறுத்தியவர் அந்தத் தாயார்தாம். ஜூலை 31ஆம் தேதி பம்பாயில் அவர் கப்பலேறினார்.

அந்தப் பிரயாணத்தில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய நட்சத்திரங்களுக்கு வெள்ளைக் குள்ளன்கள் என்று பெயர். தம் ஈர்ப்பினால் அவை மேலும் நொறுங்கிப் போகாமல் தாங்குவது, நெருக்கப்பட்ட எலெக்ட்ரான்கள் ஒன்றுக்கொன்று இடம் கொடுக்க மறுப்பதால் எழும் அழுத்தம் என்று 1926இல் பௌலர் காட்டியிருந்தார். இந்தக் கொள்கையை எடுத்துக்கொண்டு கப்பல் தளத்தில் கணக்கிட்ட சந்திரசேகர், அத்தகைய நட்சத்திரத்தின் மையத்தில் எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கும் அளவுக்கு ஓடுவதைக் கவனித்தார். அப்படியானால் ஐன்ஸ்டைனின் சார்பியலைப் புறக்கணிக்கலாகாது. அதையும் சேர்த்துக் கணக்கிட்டபோது விபரீதமானதொரு விடை வந்தது: ஒரு குறிப்பிட்ட எடைக்கு மேற்பட்ட நட்சத்திரத்தை அந்த அழுத்தத்தால் தாங்க முடியாது. 1931இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் அந்த எல்லை சூரியனைப்போல் 0.91 மடங்கு, நட்சத்திரத்திலுள்ள பொருளின் சேர்க்கையைச் சரியாகக் கொண்டால் இன்று நாம் சொல்லும் சுமார் 1.4 மடங்கு. எல்லையைத் தாண்டிய நட்சத்திரத்தின் கதி என்ன என்பதற்கு அன்று எவரிடமும் பதில் இல்லை.

இதை எழுதிக்கொண்டு அவர் பௌலரிடம் சென்றார். இங்கேதான் நம் ஆராய்ச்சிக்குரிய கதை ஆரம்பமாகிறது. பௌலர் கெட்ட ஆசிரியர் அல்லர். ஆனால் அவரைப் பார்ப்பது அரிது. வேலைகள் பல, மாணவர்கள் பலர். கட்டுரையை அவர் மில்ன் என்னும் வானியல் அறிஞரின் அபிப்பிராயத்துக்கு அனுப்பிவைத்தார், மாதங்கள் சென்றன, உற்சாகமான பதில் ஒன்றும் வரவில்லை. கடைசியில் சந்திரசேகர் அதை அமெரிக்காவில் வெளிவரும் ஒரு வானியல் சஞ்சிகைக்கு அனுப்பினார். தவறென்று யாரும் சொல்லவில்லை, சரியென்றும் சொல்லவில்லை. ஆராய்ச்சி மாணவனை வதைக்கும் ஆயுதங்களில் கண்டனத்தைவிட இந்த மௌனம் கொடியது என்பது என் எண்ணம். கண்டனத்துக்குப் பதில் தேடலாம், மௌனத்துக்கு ஒருவன் தன்னையே காரணமாக்கிக்கொள்கிறான்.

சந்திரசேகரும் அப்படித்தான் செய்தார். சென்னையில் அவர் தனி நட்சத்திரம். கேம்பிரிட்ஜில் டிராக், எடிங்டன், ரதர்போர்டு போன்ற விஞ்ஞான மேதைகள் நடமாடிய முற்றங்களில், தம்மைவிடச் சில வருஷமே மூத்தவர்கள்கூடப் பௌதிகத்தின் அஸ்திவாரத்தைப் புதுப்பித்துக்கொண்டிருந்த சமயத்தில், தாம் செய்வது அற்பமானதென்ற எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. மரக்கறி உணவு, அந்நியக் குளிர், நண்பர்கள் அதிகமில்லாத அறை, விடியற்காலையிலிருந்து வேலை. டிராக்கின் குவாண்டம் வகுப்பை ஒருமுறை கேட்டதோடு நிற்காமல் அவர் மீண்டும் மீண்டும் போய்க் கேட்டார். நட்சத்திரங்களை விட்டுவிட்டுத் தூய கோட்பாட்டுப் பௌதிகத்துக்கு மாறிவிட வேண்டுமென்ற தாபம் கடிதங்களில் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. 1931 மே மாதத்தில் தாயார் காலமான செய்தி வந்தது. போ என்று அனுப்பியவரை மறுபடி காணும் பாக்கியம் அவருக்கு இல்லாமற் போயிற்று. அந்தத் துக்கத்தைப் பகிர்ந்துகொள்ள அருகில் ஒருவருமில்லை. அந்தக் கோடையை அவர் கேட்டிங்கனில் மாக்ஸ் பார்னின் ஸ்தாபனத்தில் கழித்தார்.

பௌலர் விடுப்பில் சென்ற காலத்தில் மேற்பார்வைப் பொறுப்பு டிராக்குக்கு வந்தது. டிராக்கின் மிதபாஷணம் பிரசித்தம். சந்திரசேகர் செய்துகொண்டிருந்த நட்சத்திர வேலையில் அவருக்கு ஈடுபாடு அதிகமில்லை. ஆயினும் மாணவனை உடன் அழைத்து நடந்தார், சேர்ந்து உணவருந்தினார், மனமுடைந்திருப்பதைக் கண்டு கோபன்ஹேகனில் பௌதிக மேதை போரின் ஸ்தாபனத்துக்குப் போய்வா என்று யோசனை சொன்னார். 1932இல் அங்கே போய்ச் சேர்ந்த சந்திரசேகருக்கு முதல்முறையாக ஐரோப்பாவில் நண்பர் குழாம் வாய்த்தது.

அங்கேயும் ஓர் அடி காத்திருந்தது. குவாண்டம் புள்ளியியலைச் சார்ந்த ஒரு பிரச்னையை, டிராக் எழுப்பியிருந்த கேள்வியை ஒட்டி எடுத்துக்கொண்டு, அதைத் தீர்த்துவிட்டதாக நம்பி அவர் கட்டுரை எழுதினார். போரும் அவருடைய சகா ரோஸன்பெல்டும் பார்த்துச் சரியென்றனர். தூய பௌதிகத்தில் தமக்கும் இடமுண்டு என்று நிரூபிக்க இதைவிட வேறென்ன வேண்டும்? டிராக் அதில் பிழையைக் கண்டுபிடித்தார். கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. சந்திரசேகரின் கல்வியில் மிக முக்கியமான நிகழ்ச்சி எது என்று கேட்டால் கப்பலில் கண்ட வரம்பை நான் சொல்ல மாட்டேன். இந்தப் பிழையைச் சொல்வேன். கப்பலில் செய்த கணக்கு சரியாயிருந்தும் பெரியவர்கள் அதை மதிக்கவில்லை. கோபன்ஹேகனில் செய்தது தவறாயிருந்தும் பெரியவர்கள் அதை ஒப்புக்கொண்டார்கள். இரண்டையும் இரண்டரை வருஷத்துக்குள் அனுபவித்த ஓர் இளைஞனுக்கு, அதிகாரமுள்ளவர்களின் சம்மதமும் மறுப்பும் உண்மைக்கு உரைகல் ஆகா என்பது ஒருபோதும் மறக்க முடியாத பாடமாகிவிடும். பாடப் புத்தகத்திலிருந்து இதை எவரும் கற்பதில்லை. தம் சக்தி எங்கே உள்ளது, எங்கே இல்லை என்ற தெளிவும் அதனோடு வந்தது. அவர் நட்சத்திரங்களிடமே திரும்பினார்.

வழிகாட்டும் ஆசிரியர் எப்படியிருக்க வேண்டுமென்று ஒரே விதி சொல்ல முடியாது. கடல் தாண்டாமலே விஞ்ஞானியான கே. எஸ். கிருஷ்ணனின் அனுபவம் முற்றிலும் வேறுவிதம். வத்திராயிருப்பில் 1898இல் பிறந்து, மதுரையிலும் சென்னையிலும் பயின்று, 1923இல் கல்கத்தாவில் ராமனிடம் போய்ச் சேர்ந்தவர் அவர். 1928 பிப்ரவரியில் அவர் எழுதிய நாட்குறிப்பு, உலகப் புகழ் பெற்ற ஓர் ஆராய்ச்சி எப்படி நடந்ததென்பதற்கு மட்டுமன்றி, ஆசிரியர் மாணவர் உறவு எப்படியிருந்தது என்பதற்கும் சாட்சியம். இரண்டு மூன்று வருஷங்களாகக் கிருஷ்ணன் கணக்கிலேயே மூழ்கியிருப்பது விஞ்ஞானிக்கு நல்லதல்லவென்று ராமன் அவரைச் சோதனை மேஜைக்கு இழுத்து வருகிறார். ஓரிரவு சாப்பாடு முடிந்து கிருஷ்ணன் பேசிக்கொண்டிருக்கையில், ஒன்பது மணி சுமாருக்கு ராமன் பரபரப்போடு வீட்டு வாசலில் வந்து நின்று அவரைக் கூப்பிட்டு, காலையில் நாம் கண்டது இத்தனை நாள் தேடிய விளைவாகத்தான் இருக்க வேண்டுமென்று சொல்கிறார். பௌலரைத் தேடி அலைந்த மாணவனோடு இதை ஒப்பிட்டால் பொறாமை எழும். ஆனால் ஆசிரியரின் வேகமே தன் வேகமாகிவிடும் ஆய்வுக்கூடத்தில் தனக்கென்று ஒரு குரலைக் கண்டடைவதும் எளிதன்று. 1930இல் நோபல் பரிசு ராமனுக்கு வந்தது. கிருஷ்ணன் 1928 இறுதியிலேயே டாக்காவுக்குச் சென்று, படிகங்களின் காந்தத் தன்மையில் தமக்குரிய துறையை அமைத்துக்கொண்டார்.

ராமனின் பெங்களூர் ஆய்வுக்கூடத்துக்கு 1940இல் வந்த அன்னா மணியின் கதையில் வேறொரு உண்மை தெரிகிறது. பீர்மேட்டில் பிறந்து சென்னை பிரஸிடென்ஸி கல்லூரியில் ஆனர்ஸ் பட்டம் பெற்ற அவர், வைரங்களின் ஒளிர்வை ஆராய்ந்தார். ஒவ்வொரு நிறமாலைப் படத்துக்கும் பதினைந்து இருபது மணி நேரம் ஒளி விழவேண்டும். இரவுகளை அவர் ஆய்வுக்கூடத்திலேயே கழித்தார். ஆண்களும் பெண்களும் சகஜமாகப் பேசிப் பழகுவதை அக்கூடத்தின் சூழ்நிலை விரும்பவில்லை. ஆராய்ச்சி மாணவனின் கல்வியில் பாதி சகாக்களோடு விவாதிப்பதில் நடக்கிறதென்றால், அந்தப் பாதி அவருக்கு மறுக்கப்பட்டது. அப்படியிருந்தும் தனிப்பெயரில் ஐந்து கட்டுரைகளை வெளியிட்டு, 1945 ஆகஸ்டில் ஆய்வேட்டைச் சென்னை சர்வகலாசாலைக்குச் சமர்ப்பித்தார். எம்.எஸ்ஸி. பட்டம் இல்லையென்ற காரணத்தால் டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது. அவர் அதற்காகக் கலங்கி நிற்கவில்லை. லண்டனுக்குச் சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிப் பயின்று, திரும்பி வந்து, இந்தியாவுக்கு வேண்டிய அக்கருவிகள் இந்தியாவிலேயே உண்டாவதற்கு அடிகோலினார். பட்டத்தையும் விஞ்ஞானியையும் ஒன்றென்று நினைப்பவர்களுக்கு இந்த உதாரணம் ஒன்று போதும்.

இதையெல்லாம் இப்போது எழுதுவானேன் என்று கேட்கலாம். நான் இருக்கும் கிளியனூர், திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் சாலையில் உள்ளது. காலை நேரத்துப் பஸ்களில் ஒரு பக்கம் திண்டிவனம் அரசு கலைக் கல்லூரிக்கும் மறுபக்கம் புதுச்சேரிக்கும் போகும் பிள்ளைகளில், பௌதிகம் எடுத்துப் படித்து, நெட் பரீட்சையில் தேறி, பிஎச்.டி. பதிவு செய்தவர்களும் இன்று உண்டு. சந்திரயான் மூன்று நிலவில் இறங்கிய 2023 ஆகஸ்டுக்குப் பிறகு, விழுப்புரத்தில் டிப்ளமா படித்துத் தொடங்கி, இஸ்ரோவில் பணியாற்றிக்கொண்டே சென்னை ஐ.ஐ.டி.யில் ஆராய்ச்சிப் பட்டமும் பெற்ற, அத்திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேலின் பெயர் இந்தப் பக்கத்துப் பெற்றோருக்கெல்லாம் தெரியும். அவர் துறை இயந்திரவியல். பௌதிகத்துக்கு அப்படிக் கைகாட்ட ஓர் ஆள் இங்கே இன்னும் கிடைக்கவில்லை. ஆகவே பௌதிக ஆராய்ச்சி மாணவன் பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தால், “என்னப்பா, இன்னுமா படிப்பு முடியல?” என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. வயது இருபத்தெட்டு, கூடப் படித்தவன் வேலைக்குப் போய்த் தங்கை கல்யாணத்தை முடித்துவிட்டான்.

சந்திரசேகருக்கும் இவனுக்கும் உள்ள வேற்றுமையைப் பூசி மெழுகுவது நேர்மையாகாது. அவருடைய தந்தையார் மகனின் மனச்சோர்வை அறிந்து பதில் எழுதக் கூடியவர். கருத்து வேற்றுமை இருந்தபோதும் மகன் எந்த உலகத்தில் இருக்கிறான் என்பது அவருக்குத் தெரியும். சிறிய தகப்பனாரோ நோபல் பரிசு பெற்றவர். ஸோமர்பெல்டின் கதவைத் தட்டும் தைரியம் அந்த வீட்டில் பிறந்தது என்று முன்பு சொன்னது இதைத்தான். கரும்பும் நெல்லும் பயிரிடும் வீட்டிலிருந்து வந்த மாணவன், தன் கைடு இரண்டு மாதமாகக் கட்டுரையைத் திருப்பித் தரவில்லையென்பதை யாரிடம் சொல்வான்? கைடின் அறைக்கதவு பாதி திறந்திருந்தாலும் வெளியிலேயே நின்றுவிட்டுத் திரும்புகிறவர்களை நான் அறிவேன். பணமும் ஒரு பிரச்னை. மத்திய அரசின் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதத்துக்கு 37,000 ரூபாய். அது கிடைத்தவன் வீட்டுக்கும் அனுப்புவான். அது கிடைக்காமல் பதிவு மட்டும் செய்துகொண்டவன் தனியார் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே இரவில் ஆராய்ச்சி செய்கிறான். 2022ஆம் ஆண்டின் விதிகளின்படி பிஎச்.டி.க்குக் குறைந்தபட்சம் மூன்று வருஷம், அதிகபட்சம் ஆறு. கணக்கு வரவில்லையென்றால் அது கணக்கின் குற்றமா தன் குற்றமா என்று தெரியாமல் தவிக்கும் இடத்தில் மட்டும் இருவரும் சமம். மயிலாப்பூரிலிருந்து போனவருக்கும் அந்த இருட்டு இதே இருட்டாகத்தான் இருந்தது. எட்டாம் வகுப்போடு நின்ற தகப்பன், மகன் என்ன செய்கிறானென்று புரியாமலே ஆறு வருஷம் பொறுத்துக்கொள்வதை, ஐ.சி.எஸ். கனவை விட்டுக்கொடுத்த சுப்ரமண்ய ஐயரின் பொறுமையைவிடக் குறைத்து மதிப்பிட எனக்கு மனம் வரவில்லை.

1933 கோடையில் சந்திரசேகர் ஆய்வேட்டை முடித்தார். விசித்திரமென்னவென்றால் அதில் பேசப்பட்டது கப்பலில் கண்ட வரம்பன்று. சுழலும் வாயுக்கோளங்களின் சமநிலை. வாய்மொழித் தேர்வுக்குச் சம்பிரதாய உடையணிந்து சென்றவரை எடிங்டன் வீட்டுச் செருப்போடு வரவேற்றார். பௌலர் தாமதமாக வந்தார், கொஞ்ச நேரம் கேள்விகள் கேட்டார், வேறு வேலை இருப்பதாக எழுந்து போனார், தேர்வும் அதோடு முடிந்தது. மூன்று வருஷத்து வேதனைக்கு இவ்வளவுதான் சடங்கு. டிரினிட்டி கல்லூரியின் பெலோஷிப்புக்கு விண்ணப்பித்திருந்தாலும், கிடைக்காதென்றே எண்ணி ஆக்ஸ்போர்டில் மில்னிடம் சென்று தங்க ஏற்பாடு செய்திருந்தார். அக்டோபரில், தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பட்டியலில் தம் பெயரைக் கண்டபோது அவருக்கே அது அதிசயம். ராமானுஜனுக்குப் பிறகு அந்த ஸ்தானத்தை அடைந்த இந்தியர் அவர்தாம்.

அதன் பின்னர்தான் அவர் வரம்பிடம் திரும்பினார். 1934 இறுதியில், கையால் சுழற்றும் கணக்கு யந்திரம் ஒன்றைக் கொண்டு, நட்சத்திரங்களின் அமைப்பைத் துல்லியமாகக் கணித்தார். யந்திரத்தைப் பெற்றுக் கொடுத்தவர் எடிங்டன். வேலை எந்த மட்டில் இருக்கிறதென்று அடிக்கடி அறைக்கு வந்து விசாரித்தவரும் அவரே. 1935 ஜனவரி 11ஆம் தேதி ராயல் வானியல் சங்கக் கூட்டத்தில் சந்திரசேகர் முடிவுகளை வாசித்து அமர்ந்ததும், அதே எடிங்டன் எழுந்து சபையோர் சிரிக்கும்படி அதைப் பரிகசித்தார். போர், பௌலி முதலான பௌதிக அறிஞர்களிடம் கேட்டபோது, அவர்கள் தனிமையில் சந்திரசேகர் பக்கமே பேசினார்கள். பகிரங்கமாக வந்து நிற்க எவரும் முன்வரவில்லை. கோபன்ஹேகனுக்கு முன்பு இது நிகழ்ந்திருந்தால் அந்த இளைஞர் பௌதிகத்தையே துறந்திருப்பார் என்று நான் ஊகிக்கிறேன். இப்போது அவர் எடிங்டனோடு நட்பைக்கூட முறித்துக்கொள்ளவில்லை. 1937இல் அமெரிக்காவுக்குப் போய், தாம் கண்டதையெல்லாம் நட்சத்திர அமைப்பைப் பற்றிய ஒரு நூலாக எழுதி 1939இல் வெளியிட்டுவிட்டு, நட்சத்திரக் கூட்டங்களின் இயக்கம் என்ற வேறு துறையில் வேலை தொடங்கினார்.